கண்ணு கறுப்புன்னு சொன்னேன்

இல்ல அண்ணாச்சி, எனக்கில்ல. என் கண்ணுல ஒரு கோளாறும் இல்ல. இப்ப உள்ள போனாருல்லா, நீலச்சட்டை போட்டவரு, அவருக்குத்தான். நான் சும்மா துணைக்கு வந்தவன். எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயுதும்பாவள்லா, அந்தக் கதைதான். இருங்க, இருங்க, எந்திரிக்காண்டாம். இந்த பெஞ்சுல நாலு பேரு தாராளமா இருக்கலாம். வீட்டம்மாவுக்குக் கண்ணுல சொட்டு மருந்து விட்டிருக்காவளா? கண்ணை மூடி அப்படியே சாஞ்சிருக்கச் சொல்லுங்க. எப்படியும் முக்கால் மணி நேரம் ஆவும்.

அவருக்கும் கண்ணுல ஒண்ணும் இல்ல. டாக்டரு பாத்துச் சொல்லுததுக்கு முந்தியே எனக்குத் தெரியும். எப்படித் தெரியும்னு கேளுங்க. நீங்க கேக்கலன்னாலும் நான் சொல்லத்தான் போறேன். இன்னைக்கு யாருகிட்டயாவது சொல்லலன்னா எனக்குத் தலை வெடிச்சிரும். எங்க சபையில பாவசங்கீர்த்தனம் எல்லாம் கெடையாது, நேரா ஆண்டவர்கிட்ட சொல்லிக்கிட வேண்டியதுதான். அவருகிட்ட மூணு மாசமா சொல்லிட்டுத்தான் இருக்கேன். அவரு ஆவுடையப்பன்கிட்ட எடுத்துச் சொல்லமாட்டேங்காரே.

ஆவுடையப்பன்தான் உள்ள இருக்கவரு. நான் ஜெபமணி. ரெண்டு பேருக்கும் தூத்துக்குடி. நான் டெலிபோன்ஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவன், அவரு துறைமுகத்துல டாலி கிளார்க்கா இருந்தாரு. டாலி கிளார்க்குன்னா, கப்பல்ல இருந்து கிரேன் தூக்கிட்டு வருதுல்லா, அந்த வலையில எத்தனை மூடை இருக்குன்னு அந்தரத்துலயே எண்ணிச் சொல்லணும். முப்பத்தி நாலு வருசம். ஒரு மூடை கூடச் சொன்னதில்ல, ஒரு மூடை குறைச்சுச் சொன்னதில்ல. கண்ணுதான் அவருக்குச் சொத்து. அதை மனசுல வச்சுக்கிடுங்க.

எங்க ரெண்டு பேருக்கும் பறவை பாக்குத பைத்தியம். சிரிக்காதீங்க. இருவத்திரெண்டு வருசமா பைத்தியம். ஊர்ல பதினோரு பேரு சேந்து ஒரு கூட்டமா இருக்கோம். ஞாயித்துக்கிழமை நான் ஆராதனை முடிச்சுட்டு ஓடுவேன், அவரு சிவன் கோயில் முடிச்சுட்டு வருவாரு, உப்பளத்துல போயி நிப்போம். வெயில்ல காஞ்சு கருவாடாகித் திரும்பி வருவோம். என் வீட்டுக்காரி, "சம்பளமில்லாத காவக்காரன்"னு எனக்குப் பேரு வச்சிருக்கா.

எங்க கூட்டத்துல ஒரு சட்டம் உண்டு. நம்ம கரையில அதுவரைக்கும் பதியாத பறவை எதையாவது ஒருத்தர் பாத்தாருன்னு வைங்க, அவரு பாத்தாப் போதாது. பக்கத்துல இன்னொருத்தரும் பாத்து, "ஆமா, அதுதான்"னு சொல்லணும். அப்பத்தான் ரோஸ்லின் டீச்சர் நோட்டுல ஏத்துவாவ. அவங்கதான் நோட்டு வச்சிருக்கவங்க. ரெண்டு பேரு சொல்லலன்னா அந்தப் பறவை வரவே இல்ல. அது நம்ம தலைக்கு மேல பறந்து எச்சம் போட்டுட்டுப் போயிருந்தாலும் சரி, வரல.

நல்ல சட்டம்தான். நான்தான் கொண்டாந்தேன்.

கடக்காக்கா தெரியுமா அண்ணாச்சி? நீங்க எந்தப் பக்கம், அம்பாசமுத்திரமா? அப்ப பாத்திருக்க மாட்டீங்க. வெள்ளையா, புறாவை விடப் பெருசா, மீன்பிடி வள்ளத்துக்குப் பின்னால மீனுக்குக் கத்திக்கிட்டே வரும். ஐப்பசி கார்த்திகையில வடக்க இருந்து வந்து பங்குனியில திரும்பிப் போயிரும். எல்லாம் ஒண்ணுபோலத்தான் தெரியும். ஆனா ஒண்ணில்ல. பழுப்புத்தலைன்னு ஒண்ணு, கருந்தலைன்னு ஒண்ணு. இதுல வேடிக்கை என்னன்னா, இங்க வருத காலத்துல பழுப்புத்தலைக்குத் தலை பழுப்பா இருக்காது, கருந்தலைக்குத் தலை கறுப்பா இருக்காது. ரெண்டுக்கும் வெள்ளைத் தலை, காதுகிட்ட மை அப்பினாப்புல ஒரு பொட்டு. அப்ப எப்படிக் கண்டுபிடிக்கது? கண்ணைப் பாக்கணும். பழுப்புத்தலைக்குக் கண்ணு வெளுப்பு. கருந்தலைக்குக் கண்ணு கறுப்பு, அலகும் கொஞ்சம் மெலிசு.

மூணாவது ஒண்ணு உண்டு. ஒல்லிமூக்கன்னு நாங்க சொல்லுவோம். அலகும் நீளம், கழுத்தும் நீளம், நெத்தி சரிவா எறங்கும். பொட்டு இருக்காது, இருந்தாலும் இருக்கும் இல்லாதது மாதிரி. கண்ணு வெளுப்பு. நெஞ்சுல ரோஸ் பவுடர் பூசுன மாதிரி ஒரு சாயம் அடிக்கும். அது எங்க நோட்டுல கெடையாது. இருவத்திரெண்டு வருசத்துல ஒரு தடவை கூடக் கெடையாது.

போன புரட்டாசியில ஆவுடையப்பனுக்கு வலது கண்ணுல புரை எடுத்தாவ. இதே ஆஸ்பத்திரிதான். நல்லாத்தான் பண்ணினாவ, குத்தமே சொல்ல முடியாது. ஆனா மனுசனுக்குப் பயம் வந்துட்டு. புதுச் செருப்பு போட்டவன் குனிஞ்சு குனிஞ்சு காலையே பாக்குத மாதிரி, எதைப் பாத்தாலும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவாரு. "அந்த போர்டுல என்னவே எழுதியிருக்கு?" படிச்சுச் சொல்லுவேன். "ஆங், எனக்கும் அப்படித்தான் தெரியுது"ம்பாரு. ஒரு நாளைக்கு முப்பது தடவை. அலுப்பாத்தான் இருக்கும். ஆனா நான் ஒரு தடவை கூட மூஞ்சியைச் சுளிச்சதில்ல. அதையும் நீங்க கணக்குல எடுத்துக்கிடணும்.

தை மாசம் வருசாவருசம் பறவை எண்ணுவோம். இந்தத் தடவை எனக்கும் அவருக்கும் புன்னைக்காயல் விழுந்துச்சு. தாமிரபரணி கடல்ல சேருத எடம். அன்னைக்கு அவரு காலம்பர அஞ்சரைக்கெல்லாம் பஸ் ஸ்டாண்டுல நிக்காரு. தொப்பி, பைனாகுலர், எனக்கும் சேத்து இட்லிப் பொட்டலம். கல்யாண மாப்பிள்ளை தோத்தான். ஆபரேசனுக்குப் பொறவு மொதல் பெரிய எண்ணிக்கை அதுதான். "வே ஜெபமணி, இன்னைக்குத் தெரிஞ்சிரும் கண்ணு நல்லாருக்கா இல்லையான்னு"ன்னாரு. நான் சிரிச்சேன். "நல்லாத்தான்வே இருக்கு"ன்னேன். பாத்தீங்களா, நல்ல வார்த்தைதான் சொல்லியிருக்கேன்.

ஆத்துமுகத்துல ஒரு மணல் திட்டு, பள்ளத்துல அங்கங்க தண்ணி கெடக்கு. அது மேல நானூறு அஞ்ஞூறு கடக்காக்கா. எல்லாம் காத்தைப் பாத்துத் திரும்பி நிக்கி. அவரு ஸ்கோப்பை நட்டாரு. மூணுகாலு ஸ்டாண்டுல வச்சுப் பாக்குத தூரக்கண்ணாடி, ஒரு நேரத்துல ஒரு ஆளுதான் பாக்க முடியும். அவரு ஓரத்துல இருந்து ஒண்ணொண்ணா எண்ணிட்டே வாராரு, நான் நோட்டுல குறிக்கேன். "பழுப்பு, பழுப்பு, பழுப்பு, கரு, பழுப்பு." மூடை எண்ணுத மாதிரியே, அதே ராகம். நூத்தி எண்பது வரைக்கும் வந்தாச்சு. திடீர்னு ராகம் நின்னுட்டு.

"வே."

"என்ன?"

"வந்து பாரும்."

குரலே மாறிட்டு அண்ணாச்சி. குழந்தை பொறந்திருக்குன்னு நர்ஸ் வந்து சொல்லுவாளே, அப்படி ஒரு குரல். நான் போயி குனிஞ்சு பாத்தேன்.

ஒல்லிமூக்கன்.

சந்தேகமே இல்ல. நடுவுல நிக்கி. நீள அலகு, சரிஞ்ச நெத்தி, பொட்டு இல்ல, வெள்ளைக் கண்ணு. நெஞ்சுல அந்த ரோஸ் சாயம் கூடத் தெரிஞ்சுது. பத்து எண்ணுத நேரம் பாத்திருப்பேன். பத்துன்னா நெசமாவே பத்து.

அந்தப் பத்துல எனக்கு என்ன வந்துச்சுன்னா, செருப்பு வாரு.

புரியலல்லா? சொல்லுதேன். அதுக்கு ஆறு வருசம் முந்தி, உப்பளத்துல ஒரு சாயங்காலம், எங்க தலைக்கு நேர் மேல ஒண்ணு போச்சு, பெரிய கருந்தலைன்னு அது வேற சாதிக் கடக்காக்கா. அது இவனுகளை மாதிரி ரெண்டு மடங்கு இருக்கும், மஞ்ச அலகு. அதுவும் அப்ப நோட்டுல கெடையாது. நான் கத்துனேன். பக்கத்துல ஆவுடையப்பன். டீச்சர் கேக்காவ, "ரெண்டு பேரும் பாத்தீயளா?" இவரு என்ன சொன்னாருங்கீங்க? "நான் பாக்கலையே டீச்சர், குனிஞ்சு செருப்பு வாரை மாட்டிட்டிருந்தேன்." செருப்பு வாரு! ஒரு வார்த்தை, "ஆமா"ன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறைஞ்சிரும்? அப்பவே பதினாறு வருசச் சிநேகிதம். பென்சில்ல எழுதுனதை டீச்சர் என் கண்ணு முன்னாடி ரப்பர் வச்சு அழிச்சாவ. அது பெரிய கருந்தலைதான் அண்ணாச்சி. நூத்துக்கு நூறு. சரி, தொண்ணூறுன்னு வைங்க. சூரியன் நேரா கண்ணுல அடிச்சுது. எண்பதுன்னாலும் எண்பது எண்பதுதான.

மூணு வருசம் கழிச்சு அதே பறவையை வேற ஒருத்தன் முயல்தீவுல பாத்து, அவன் பேருல ஏறிட்டு. நான் ஒண்ணும் சொல்லல. எனக்குப் பொறாமை கெடையாது, அது என் சுபாவத்துலயே இல்ல.

ஸ்கோப்புல இருந்து முகத்தை எடுத்தேன். அவரு என்னையே பாத்துக்கிட்டு நிக்காரு. வாயைத் தொறந்துக்கிட்டு. நான் சொன்னேன், "கருந்தலைதான்வே."

"நல்லாப் பாரும். கண்ணைப் பாரும். என்ன நெறம்?"

"கறுப்பு."

அவ்வளவுதான் அண்ணாச்சி. ஒரே வார்த்தை. கறுப்பு. பொட்டும் மங்கலா இருக்குன்னு ஒண்ணு சேத்துச் சொன்னேன். பொய்யின்னா ஒண்ணோட நிக்காது, ஒரு துணை கேக்கும்.

அவரு திரும்பக் குனிஞ்சாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. வலது கண்ணால பாத்தாரு, பொறவு எடது கண்ணால பாத்தாரு. "எனக்கு வெளுப்பாத் தெரியுதேவே"ன்னாரு. சண்டை போடுத குரல் இல்ல. மருந்துக்கடையில விலை கேக்குத குரல். நான் அப்பவாவது சொல்லியிருக்கலாம். சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேம்வே, ஒல்லிமூக்கனேதாம்னு சொல்லிட்டு ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சுக் குதிச்சிருக்கலாம். சொல்லணும்னுதான் இருந்தேன். வாயில வந்துட்டு. அதுக்குள்ள ஒரு வள்ளம் மோட்டார் போட்டுக்கிட்டு வந்துச்சு, மொத்தக் கூட்டமும் எந்திரிச்சுப் பறந்துட்டு. வெள்ளையா ஆகாசம் பூராவும். அந்த வள்ளக்காரன் ஒரு நிமிசம் பிந்தி வந்திருந்தான்னா இன்னைக்கு நான் இங்க வந்து உக்காந்திருக்க மாட்டேன்.

சரி, வள்ளக்காரனைச் சொல்லி என்ன.

மத்தியானம் எல்லாரும் ஒரு எடத்துல கூடினோம். டீச்சர் கேட்டாவ, "புதுசா எதுவும் உண்டா?" நான் தண்ணி பாட்டிலைத் தொறந்துக்கிட்டிருந்தேன். ஆவுடையப்பன்தான் பதில் சொன்னாரு. "ஒல்லிமூக்கன் ஒண்ணு இருக்குன்னு நெனைச்சேன் டீச்சர். ஆனா ஜெபமணி பாத்து இல்லைன்னுட்டாரு. எழுதாண்டாம். என் கண்ணுதான் இன்னும் சரியாகல." சொல்லிட்டு எனக்கு இட்லிப் பொட்டலத்தைப் பிரிச்சுக் கொடுத்தாரு. நான் தின்னேன் அண்ணாச்சி. நாலு இட்லி, மொளகாப்பொடி. நல்லாத்தான் இருந்துச்சு.

அதோட முடிஞ்சிரும்னு நெனைச்சேன். ஒரு பறவை. நோட்டுல ஏறலன்னா என்ன ஆகப்போவுது? என்னோடது ஏறாமத்தான் கெடந்துச்சு, நான் செத்தா போயிட்டேன்?

ஆனா அவருக்கு அது முடியல. அடுத்த ஞாயிறு உப்பளத்துக்கு வந்தாரு, பேருக்கு வந்தாரு. எதையும் முந்திச் சொல்லல. நான் சொன்ன பொறவு, "ஆமா"ம்பாரு. அதுக்கடுத்த ஞாயிறு வரல. வீட்டுக்குப் போனேன். தன்னோட நோட்டை விரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. ஸ்கேல் வச்சு வரி வரியா அடிக்காரு. என்னவேன்னு கேட்டேன். "ஆபரேசனுக்குப் பொறவு பாத்ததை எல்லாம் எடுத்திருதேன். நம்ப முடியாது." நான் அசந்துட்டேன். அதுக்கடுத்த வாரம் போனா, ஆபரேசனுக்கு முந்தி உள்ளதையும் அடிச்சிட்டிருக்காரு. "அப்பவே புரை இருந்திருக்கும்லா"ங்காரு. இருவத்திரெண்டு வருசம் அண்ணாச்சி. எனக்கும் அவருக்கும் ரெண்டு பேருக்கும் சேத்து உள்ள இருவத்திரெண்டு வருசம். நான் கூட நின்னு பாத்த பறவையை எல்லாம் அவரு என் கண்ணு முன்னால அடிக்காரு.

நான் கையைப் பிடிச்சுத் தடுத்தேன். "இதை நானும் பாத்தேம்வே, இது சரிதாம்"னேன். "நீரு பாத்தீரு. உமக்குச் சரி. உம்ம நோட்டுல இருக்கட்டும்"ன்னுட்டாரு.

பொறவு வண்டி ஓட்டுததை விட்டாரு. ரோட்டுல யாரைப் பாத்தாலும், அவங்க பேசுத வரைக்கும் இவரு பேசமாட்டாரு. ஆளு மாறிப்போயிருமோன்னு பயம். பேரப்புள்ளை பெங்களூர்ல இருந்து வீடியோவுல வந்தா, "இது நம்ம புள்ளைதானே?"ன்னு காந்திமதிகிட்ட கேக்காரு. காந்திமதி அவரு வீட்டம்மா. அந்த அம்மா எனக்குப் போன் போட்டு அழுதுச்சு. "அண்ணே, நீங்கதான் அவுகளுக்குக் கண்ணு மாதிரி. நீங்க சொன்னாத்தான் கேப்பாவ. ஒருக்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கண்ணே"ன்னு. நான் என்ன சொல்லட்டும்? சரிம்மான்னேன்.

பெங்களூர்ல இருக்க மகனுக்கு வேற எண்ணம். அவன் கெட்டவன் இல்ல, அப்பா மேல உசுரு. கண்ணு டாக்டர் போன மாசமே ஒரு தடவை பாத்து, கண்ணு தெளிவா இருக்குன்னு சொல்லிட்டாரு. அப்ப கண்ணுல இல்லைன்னா வேற எங்க? மண்டையிலதான இருக்கணும்னு மகன் நெனைக்கான். நெனைக்கத்தான செய்வான்? இல்லாத பறவையை இருக்குன்னு பாத்தாரு, பேரனைத் தெரியலங்காரு, எழுதுனதை எல்லாம் அடிக்காரு. நீங்களா இருந்தா என்ன நெனைப்பீங்க? இன்னைக்கு ஒரு தடவை கடைசியாக் கண்ணைப் பாத்துட்டு, இதுலயும் ஒண்ணும் இல்லைன்னா திங்கக்கிழமை பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போயி மூளைக்கு வைத்தியம் பாக்கப்போறானாம். வீட்டைப் பூட்டிச் சாவியை எங்கிட்டத்தான் கொடுக்கப் போறாவளாம். அங்க பத்தாவது மாடி. ஆவுடையப்பன் பத்தாவது மாடியில உக்காந்து என்ன பண்ணுவாரு அண்ணாச்சி?

அதான் இன்னைக்குச் சொல்லிருதுன்னு முடிவு பண்ணினேன். தும்பை விட்டுட்டு வாலைப் பிடிக்கது மாதிரிதான். ஆனாலும் வாலையாவது பிடிப்போமேன்னு. பஸ்ல ஜன்னலோரம் அவரு, பக்கத்துல நான். வாகைக்குளம் தாண்டுனதும் ஆரம்பிச்சேன்.

"ஆவுடையப்பன், அன்னைக்குப் புன்னைக்காயல்ல நீரு பாத்தது ஒல்லிமூக்கன்தான். நானும் பாத்தேன். கண்ணு வெளுப்பு. நான்தான் பொய் சொன்னேன்."

சொல்லிட்டேன். கண்டக்டர் காதுல விழுந்தாலும் விழுந்துட்டுப் போட்டும்னு சத்தமாவே சொல்லிட்டேன். அவரு என்னையே பாத்தாரு. திட்டுவாரு, அடிப்பாருன்னு நெனைச்சேன். அடிச்சா வாங்கிக்கிடணும்னு கண்ணாடியைக் கூடக் கழத்திப் பையில வச்சுட்டேன். அவரு சிரிச்சாரு அண்ணாச்சி. "காந்திமதி சொல்லச் சொன்னாளா?"ன்னாரு.

இல்லவே, சத்தியமாங்கேன். "அலகு நீளம், நெத்தி சரிவு, நெஞ்சுல ரோஸ் சாயம்"னு ஒண்ணொண்ணாச் சொல்லுதேன். "அதெல்லாம் புத்தகத்துல நாப்பத்தி ஏழாம் பக்கத்துல இருக்கு. உமக்குத்தான் புத்தகம் மனப்பாடமாச்சே"ங்காரு. அதுவும் நெசந்தான், எனக்கு மனப்பாடம். நான் அழுதுட்டேன். அறுவத்தி ஆறு வயசு எனக்கு, பஸ்ல உக்காந்து அழுதேன். அதைப் பாத்ததும் அவரு மொகம் மாறுச்சு. இவன் நெசமாவே சொல்லுதானோன்னு. மூணு மாசமா நான் பாக்காத ஒரு தெளிச்சி அந்த மொகத்துல. என் முழங்கையைப் பிடிச்சாரு. பிடி இறுகுச்சு.

"வே ஜெபமணி. அந்தப் பறவைகிட்ட ஒண்ணு இருந்துச்சு. எந்தப் புத்தகத்துலயும் இருக்காது. நான் யாருகிட்டயும் சொல்லல, டீச்சர்கிட்ட சொல்லல, காந்திமதிகிட்ட சொல்லல. அதுவும் நெசமா பொய்யான்னு தெரியாமத்தான் நான் ராத்திரி பகலா கெடக்கேன். நீரு பாத்திருந்தா உமக்குத் தெரிஞ்சிருக்கும். என்னது அது? சொல்லும்."

எனக்குத் தெரியாது அண்ணாச்சி.

எனக்குத் தெரியவே தெரியாது. நான் அலகைப் பாத்தேன், நெத்தியைப் பாத்தேன், கண்ணைப் பாத்தேன், நெஞ்சைப் பாத்தேன், ஒல்லிமூக்கன்னு தெரிஞ்சதும் முடிஞ்சுபோச்சு. அதுக்கு மேல நான் பறவையைப் பாக்கவே இல்ல. மிச்ச நேரமெல்லாம் செருப்பு வாரைத்தான் பாத்துட்டிருந்தேன். "பத்து எண்ணுத நேரம்தாம்வே பாத்தேன், அதைக் கவனிக்கல"ன்னு உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கணும். அதுவாவது நெசமா இருந்திருக்கும். அவரு நம்பிக்கூட இருப்பாரு.

ஆனா அந்த மொகத்தைப் பாத்துக்கிட்டு எனக்கு அப்படிச் சொல்ல வரல. பதில் தெரிஞ்சே ஆகணும்னு ஆயிட்டு. யோசிச்சேன். பறவைக்காரன் மூளையை வச்சு யோசிச்சேன். புத்தகத்துல இல்லாதது, ஒரு பறவைகிட்ட மட்டும் இருக்கது, என்னவா இருக்கும்? ஆராய்ச்சிக்காரங்க பிடிச்சு வளையம் மாட்டி விடுவாவள்லா, அதாத்தான் இருக்கும். நூத்துக்குத் தொண்ணூறு அதுதான்.

"கால்ல வளையம்"னேன்.

அவரு கை தளந்துட்டு. மெதுவாக் கையை எடுத்துத் தன் மடியில வச்சுக்கிட்டாரு.

"அது தண்ணிக்குள்ள நின்னுச்சுவே. கால் தெரியல."

அப்படியா நின்னுச்சு? தண்ணியிலயா? எனக்கு ஞாபகமே இல்ல. அவரு எனக்கு ஆறுதல் சொல்லுதாரு அண்ணாச்சி. முதுகைத் தட்டிக் கொடுத்து, "விடும்வே. நான் மனசு ஒடிஞ்சு போகக்கூடாதுன்னு இவ்வளவு பெரிய பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கிட்டீரு. யாரு செய்வா? கூடப் பொறந்தவன் செய்யமாட்டான்"ங்காரு. நான் இல்ல, இல்லங்கேன். அவரு கேக்கல. சரி, அது என்னதுன்னாவது சொல்லும்னு கெஞ்சுனேன். எனக்குத் தெரிஞ்சாகணும்லா. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

"இருந்தாத்தானவே சொல்லதுக்கு"ன்னுட்டாரு.

இப்ப சொல்லுங்க. முந்தியாவது மனுசனுக்கு அரைச் சந்தேகம்தான் இருந்துச்சு. நான் நெசத்தைச் சொல்லப்போயி முழுசாக்கிட்டேன். இனி நான் என்ன சொன்னாலும் பாசத்துல சொல்லுதேன்னுதான் ஆவும். போயிப் பாத்துட்டு வரலாம்னா பறவையும் இல்ல, இது சித்திரை, எல்லாம் வடக்க போயாச்சு. போட்டோவும் இல்ல, எங்க கூட்டத்துல கேமரா வச்சிருக்கவன் அன்னைக்கு வேற பக்கம் எண்ணப் போயிட்டான்.

அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டா? நீங்க மூணாம் மனுசன். உங்களுக்கும் அவருக்கும் ஒட்டு ஒறவு கெடையாது, பொய் சொல்ல வேண்டிய அவசியம் கெடையாது. நீங்க அவருகிட்ட சொல்லுங்களேன். இப்ப வெளிய வருவாரு. "இந்த ஆளு அரைமணி நேரமா எங்கிட்ட உக்காந்து அழுதான், பொறாமையிலதான் பொய் சொல்லியிருக்கான், உங்க கண்ணுல கோளாறு இல்ல"ன்னு சொல்லுங்க. செருப்பு வாரையும் சொல்லுங்க. அது ஆறுதலுக்குச் சொல்லுததா இருக்காதுல்லா? அதைச் சொன்னா நம்புவாரு. நான் எவ்வளவு கேவலமானவன்னு தெரிஞ்சா நம்பிருவாரு. நீங்க சொல்லுவீங்களா? சொல்லுங்க அண்ணாச்சி, உங்களுக்குப் புண்ணியமாப் போவும். அம்மா, நீங்களும் கேட்டுட்டுத்தான இருந்தீங்க, கண்ணுதான மூடியிருக்கு. நீங்களும் சொல்லுங்கம்மா. ரெண்டு பேருமாச் சொன்னா ஒரு மனுசன் ஊரோட இருப்பான்.

கதவு தொறக்குது. அவருதான்.

வாரும்வே, வாரும். என்ன சொன்னாரு டாக்டரு? நல்லாருக்காமா? ரெண்டு கண்ணும் தெளிவா இருக்காமா? நல்லதுதானவே, அதுக்கு ஏன் மொகத்தை இப்படி வச்சிருக்கீரு? மகன்ட்ட போன்ல சொல்லிட்டீரா? என்ன சொல்லுதான்? திங்கக்கிழமையா. டிக்கெட் எடுத்துட்டானா. சரி. சரி.

இவரா? இவரு அம்பாசமுத்திரம் பக்கம். வீட்டம்மாவுக்குக் கண்ணு பாக்க வந்திருக்காவ. சும்மா பேசிக்கிட்டிருந்தோம்.

என்ன அண்ணாச்சி? இவருகிட்ட என்ன சொல்லணும்? இருங்க, இருங்க அண்ணாச்சி. அது ஒண்ணும் இல்லவே. அவங்க வீட்டம்மாவுக்குப் புரை எடுக்கணும்னு சொல்லியிருக்காவளாம், நீரு இங்கதான எடுத்தீரு, வலிக்குமான்னு உம்மகிட்டக் கேக்கணும்னு சொல்லிக்கிட்டிருந்தாரு. அதைத்தான் சொல்ல வாராரு. வலிக்காது அண்ணாச்சி. இவருக்கு வலிக்கவே இல்ல. என்னவே? வலிக்கலல்லா? பாத்தீங்களா, வலிக்கலங்காரு.

அப்ப நாங்க வாரோம் அண்ணாச்சி. வாரோம்மா. ரெண்டரை பஸ்ஸைப் பிடிக்கணும். நீரு என் கையைப் பிடிச்சுக்கிடும்வே, சொட்டு விட்டதுல கொஞ்ச நேரத்துக்கு மங்கலாத்தான் இருக்கும். பைய. இங்கன நாலு படி இருக்கு. நீரு ஒண்ணும் பயப்படாண்டாம், நான் பாத்துச் சொல்லுதேன்.